வெறுங்கையால் எபாக்சி பிசையாதீர்கள்

மறுபடியும் ஒருவர். இரண்டு இமைகளும் வீக்கம், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. கைப்பையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு. "புதுசா ஏதாவது வேலை செய்யறீங்களா?" என்றால் "ஒண்ணுமில்ல டாக்டர்". நகக்கண்ணில் செப்பு நிறப் பெயின்ட்! அப்புறம்தான் கைப்பேசியில் காட்டினார்: பிளைவுட்டில் புடைப்பாக எழுப்பிய பிள்ளையார். பள்ளங்களில் கறுப்பு தங்க, மேடுகளில் மட்டும் செம்பு தொட்டு, பழைய செப்புத் தகடு போலவே இருந்தது. நல்ல கை.

அக்ரிலிக் பெயின்ட் மீது எனக்குச் சந்தேகமில்லை. குழாய் ஒழுகினால் அடைக்க இரண்டு துண்டையும் சேர்த்துப் பிசைவோமே, அந்த எபாக்சி மக்கில்தான் புடைப்பை எழுப்பியிருக்கிறார். அதுதான் ஆள்.

"ஒரு வருஷமா பிசையறேன், ஒண்ணும் ஆகலையே?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆகாதும்மா. ஒவ்வாமை அப்படித்தான் வரும். முதல் நாளே எரிந்தால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். ஒவ்வாமைக்கு உடம்பு முதலில் அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைக்க வேண்டும். அதற்கு வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். கண்டுகொண்டபின் துளி பட்டாலே போதும். அதுவும் உடனே இல்லை, ஓரிரு நாள் கழித்து. திங்கட்கிழமை பிசைந்தது புதன்கிழமை வீங்கும்; பழி செவ்வாய்க்கிழமைக் கத்தரிக்காய்க்கு. வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

சந்தேகமிருந்தால் பேட்ச் டெஸ்ட் செய்யலாம், அதாவது சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது. முதுகில் ஒட்டியதை 48 மணி நேரம் கழித்துத்தான் எடுப்போம். குளிக்க முடியவில்லை என்று நடுராத்திரியில் பிய்த்துப் போட்டால் நான் எதைப் பார்ப்பது?

லேடெக்ஸ் கையுறையை எபாக்சி ஊடுருவிவிடும். நைட்ரைல் வாங்குங்கள், அடிக்கடி மாற்றுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்து மக்கை வழிக்காதீர்கள், அதற்குக் கருவி இருக்கிறது. அந்தக் கையால் வியர்வையைத் துடைக்காதீர்கள். இமைக்கு அப்படித்தான் போகிறது. கையில் ஒட்டியதைத் தின்னர் போட்டுத் தேய்க்கவே கூடாது. முழுக்க இறுகாமல் உப்புத்தாள் போடாதீர்கள். இறுகிய பிறகும் முகக்கவசத்தோடுதான். பள்ளி புராஜெக்ட் என்று பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்கள் எபாக்சியை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துத்தானே புடைப்பு வேலை செய்கிறார்கள்? உங்கள் செப்பு நிறம் அதன்மேலும் நன்றாகவே உட்காரும். அந்த ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக இமையில் தடவிக்கொண்டே இருக்காதீர்கள். கண் அழுத்தம் ஏறலாம்.