போர்டு பேரைச் சொல்லுங்க, அப்புறம் ப்ராசசர் பேசலாம்

ஓணம் முடிந்த வாரம் ஆரியங்காவிலிருந்து ஒரு தம்பி மலை இறங்கி, செங்கோட்டையில் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கேபினெட்டை அப்படியே சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். "அண்ணாச்சி, புது ப்ராசசர் டெட் ஆயிட்டு. டிஸ்ப்ளேயே வரல்ல. திருப்பி அனுப்பணும்."

திறந்து பார்த்தேன். பி450 போர்டு, அதாவது எல்லாப் பாகமும் மாட்டுகிற மதர்போர்டு. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 2600 ப்ராசசர் இருந்த இடத்தில் புது 5600. இரண்டுக்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட்தான் (ப்ராசசர் உட்காரும் இடம்), பொருந்தி உட்கார்ந்துவிட்டது. ஆனால் பி450 வந்தது 2018-ல், 5600 வந்தது 2022-ல். போர்டை எழுப்பிவிடும் மென்பொருளான பயாஸை இடையில் ஒருமுறைகூட மாற்றவில்லை. அந்த போர்டுக்கு இப்படி ஒரு ப்ராசசர் பிறந்த சங்கதியே தெரியாது. பழையதை மாட்டி, பென் டிரைவில் புது பயாஸ் ஏற்றி, மறுபடி 5600-ஐ வைத்தேன். படம் வந்துவிட்டது. நல்ல வேளை, 2600 கையில் இருந்தது. அதை விற்க ஆள் பேசி வைத்திருந்தாராம்!

இந்த மாதிரி மாதம் ஒன்றாவது வருகிறது. எல்லோரும் ப்ராசசரை முதலில் முடிவு செய்கிறார்கள், போர்டைப் பற்றி யோசிப்பதே கிடையாது. வாங்குவதற்கு முன் போர்டின் முழுப் பெயரை, பதிப்பு எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த போர்டுக்கான ப்ராசசர் பட்டியல் இருக்கும். எந்தப் பயாஸிலிருந்து எது ஓடும் என்றும் அதிலேயே இருக்கும். பயாஸ் ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே படுத்துவிடலாம். சாரல் காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்படி என்று சொல்லவே வேண்டாம், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

சாக்கெட் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. இன்டெலின் 1151-ல் 7-ஆம் தலைமுறையும் 8-ஆம் தலைமுறையும் ஒரே மாதிரி உட்காரும். ஆனால் முந்தையதற்கான போர்டில் பிந்தையது ஓடாது. இன்டெலின் 1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறையும் ஓடும். போர்டைப் பொறுத்து ரேம் பழைய வகையான டிடிஆர்4 ஆகவோ புது வகையான டிடிஆர்5 ஆகவோ இருக்கும். 2022-ல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டும்தான், பழைய ரேம் பக்கத்திலேயே வராது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, கையில் நல்ல டிடிஆர்4 இருப்பவர்களிடம் "ஏஎம்4-லேயே இருங்க" என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கோளாறு: இன்டெல் ப்ராசசருக்கான எச்610 மாதிரி மலிவு போர்டில் ஐ7 14700கே வைப்பது. முழு வேகத்தில் அது 253 வாட் வரை இழுக்கும். அதற்கான மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருவது சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதி. பல மலிவு போர்டுகளில் அதன்மேல் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கூட இருக்காது. சூடு ஏறியதும் போர்டு வேகத்தைக் குறைத்துவிடும். ஐ7-க்குக் காசு கொடுத்து ஐ5 வேகத்தில் ஓட்டுவது என்ன கணக்கு? போர்டு அதுதான் என்றால் ஐ5 12400எஃப் போதும். எஃப் வகையில் உள் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இருக்க வேண்டும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரக ப்ராசசர்களைப் பழையதாக வாங்கும் எண்ணம் இருந்தால் வாரண்டியைப் பார்த்து வாங்குங்கள். வோல்டேஜ் பிரச்சினையால் அவை கெடுவதை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ப்ராசசரின் உள் உத்தரவுகளுக்கான மைக்ரோகோட் திருத்தம் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது.

இத்தனைக்கும் முன்னால், ப்ராசசர்தான் தடையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். விளையாட்டில் ஒரே இடத்தில் நின்று ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நன்றாகக் கூடினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையவே இல்லை என்றால்தான் ப்ராசசர் பக்கம் வரலாம். அப்போதும் ரேம் ஒற்றை ஸ்டிக்கா என்று பாருங்கள்; இரண்டாவதைப் போட்டதுமே தேறிய மெஷின்களும் உண்டு.

தம்பி 2600-ஐத் தானே கழற்றியதாகச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரில் இருக்கும். ப்ராசசருக்கும் மேலே உள்ள ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்துபோய், ஹீட் சிங்க்கை நேராக இழுத்தால், லாக் போட்டிருந்தாலும் ப்ராசசர் அதோடு பிடுங்கிக்கொண்டு வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி இழுத்து, வாடிக்கையாளர் கண் முன்னாலேயே ஒரு வரிசைப் பின்னை வளைத்தேன். ஊசியை வைத்து நிமிர்த்த ஒரு மணி நேரம் ஆனது, கை நடுங்கியதுதான் மிச்சம். இப்போது பத்து நிமிடம் மெஷினை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் எடுப்பேன். தம்பிக்கு அதிர்ஷ்டம், பின் ஒன்றும் வளையவில்லை.

கிளம்பும்போது, "இப்போ 2600-ஐக் கொடுத்திரலாமா அண்ணாச்சி?" என்றார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லி, பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அதைப் போட்டுக் கொடுத்தேன்.