லெஃபேவ்ர்: சொல்லும் பொருளும்

லெஃபேவ்ர் என்பது பிரான்சின் வடபகுதியில், குறிப்பாகப் பிக்கார்டி வட்டாரத்தில், மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர். அதன் பொருள் ‘கொல்லன்’. முன்னால் நிற்கும் ‘ல’ என்பது பிரெஞ்சு மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு; தமிழில் அதற்கு ஈடு தேட வேண்டியதில்லை. எஞ்சிய ‘ஃபேவ்ர்’ இலத்தீனின் ‘ஃபாபெர்’ என்னும் சொல் திரிந்து வந்த பழம் பிரெஞ்சு வடிவம்.

ஃபாபெர் முதலில் இரும்புக் கொல்லனை மட்டும் குறித்த சொல் அன்று. மரம், செம்பு, இரும்பு என எதில் வேலை செய்தாலும் ரோமானியருக்கு அவன் ஃபாபெர்தான். எந்த வேலை என்று காட்ட ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். ஆகவே இலத்தீன் சொல்லுக்குத் தமிழில் ‘கம்மியன்’ என்பதே பொருந்தும். பிரெஞ்சு மொழிக்கு வந்து சேர்வதற்குள் அடைமொழி உதிர்ந்து, பொருள் இரும்பு வேலைக்காரனாகச் சுருங்கிவிட்டது. அந்த நிலையில்தான் ‘கொல்லன்’ என்ற ஈடு சரியாகிறது. இன்றைய பிரெஞ்சில் கொல்லனைக் குறிக்க ‘ஃபேவ்ர்’ வழக்கில் இல்லை. அதன் இடத்தைப் பிடித்த ‘ஃபோர்ஜ்ரோன்’ என்ற சொல்லோ, கொல்லுப்பட்டறையைக் குறிக்கும் ‘ஃபோர்ஜ்’ என்பதிலிருந்து பிறந்தது. அந்த ‘ஃபோர்ஜ்’, ஃபாபெர் தந்த ‘ஃபாப்ரிகா’ என்ற இலத்தீன் சொல்லின் திரிபு. தன் உறவே தன்னை வெளியேற்றிய கதை இது. பழைய சொல் உயிரோடு இருக்கும் ஓரிடம் ‘ஓர்ஃபேவ்ர்’, அதாவது பொன்னைக் குறிக்கும் சொல்லோடு ஃபாபெர் சேர்ந்து உண்டான சொல். நம் ‘பொற்கொல்லன்’ என்பதன் அமைப்பும் அச்சாக அதுவே.

கொல்லன் பெயர் இவ்வளவு பரவியதற்குக் காரணம் கொல்லர்கள் பெருந்தொகையாக இருந்தது அன்று. ஓர் ஊரில் உழவர் முப்பது பேர் இருக்கையில் ‘உழவன்’ என்று சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. கொல்லுப்பட்டறை ஊருக்கு ஒன்றுதான் இருக்கும். ஆகவே ‘கொல்லன் பியேர்’ என்றால் யார் என்று ஊருக்கே தெரியும். 12ஆம் நூற்றாண்டையொட்டி இத்தகைய பட்டப்பெயர்கள் மெல்ல மெல்லத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கின; பிள்ளை சம்மட்டியைத் தொடாதபோதும் பெயர் தொடர்ந்தது.

இப்பெயரில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் எழுத்து. பிரெஞ்சில் இது இரு விதமாக எழுதப்படுகிறது: ஒன்றில் ‘வி’ (v) எழுத்துக்கு முன் ஒரு ‘பி’ (b) நிற்கும், மற்றதில் அது இராது. ஒலிப்பில் வேறுபாடு எதுவும் இல்லை. அந்தப் ‘பி’ இலத்தீன் அறிந்த எழுத்தர்கள் ‘ஃபாபெர்’ என்ற மூலத்தை நினைவூட்டச் செருகியது. விரலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் ஒலிக்காமல் கிடக்கும் ‘ஜி’ எழுத்தும் இப்படி நுழைந்ததுதான். அக்காலத்தில் ‘யு’, ‘வி’ இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். சொல்லின் நடுவில் வந்தால் ‘யு’ வடிவத்தையே எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த ‘யு’வை உயிரெழுத்தாகப் படித்து, ஒலிக்காத ‘பி’யையும் ஒலித்ததால், ‘லெஃபேபூர்’ என்ற தனிக் குடும்பப்பெயரே பிறந்துவிட்டது. இவ்விரு எழுத்துகளும் பிரெஞ்சுக் கழக அகராதியில் தனித்தனியாகப் பிரிந்தது 1762இல்தான்.

தெற்கே ஆக்சிதன் மொழி வழங்கிய நிலத்தில் இதே பெயர் ஃபாப்ர், ஃபோர் என்றும், கிழக்கு வட்டாரங்களான சவோயில் ஃபாவ்ர் என்றும், ஃபிரான்ஷ் கோன்தேயில் ஃபேவ்ர் என்றும் வழங்குகிறது. பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானி வட்டாரத்தின் ‘ல கோஃப்’, ஜெர்மன் எல்லையிலுள்ள அல்சாசின் ‘ஷ்மித்’ ஆகியவை பொருளால் ஒன்று, மூலத்தால் வேறு. ஒரே மனிதரே பல வடிவங்களில் அறியப்பட்டதும் உண்டு: கத்தோலிக்கத் துறவற அமைப்பான இயேசு சபையின் தொடக்ககால உறுப்பினரும் 1506இல் சவோயில் பிறந்தவருமான பியேர் ஃபாவ்ர், ‘லெஃபேவ்ர்’ என்றும் இலத்தீனில் ‘ஃபாபெர்’ என்றும் எழுதப்பட்டார்.

பிரெஞ்சு அரசர் பிறப்பித்த வில்லேர் கோத்ரே ஆணை 1539இல் திருமுழுக்குப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கிய பிறகும், எழுத்துக்கூட்டல் பங்குக் குருவின் கைப்போக்கில்தான் இருந்தது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் சூடக் கூடாது என்ற சட்டம் புரட்சிக்காலத்தில், 1794 ஆகஸ்டில், வந்தது. அன்று ஏட்டில் ‘பி’ இருந்த குடும்பத்துக்கு அது நிலைத்தது. இல்லாத குடும்பத்துக்கு இல்லாமலே போயிற்று.

இவ்வகைப் பெயரைத் தமிழில் ‘குடும்பப்பெயர்’ என்பதே தகும். சிலர் ‘குலப்பெயர்’ என்று எழுதுகிறார்கள். அது பிழையான எண்ணத்தைத் தரும். லெஃபேவ்ர் என்ற பெயருடையவர்கள் ஒரே குலத்தார் அல்லர். ஊர்தோறும் தனித்தனியாகத் தோன்றிய பெயர் இது. நம்மிடம் ‘கொல்லன் அழிசி’ எனச் சங்கப் புலவர் பெயரில் தொழில் முன்நின்றது போன்ற வழக்கு உண்டு. அங்கே நின்றது ஆளின் அடையாளம், வழிவழியாக இறங்கும் பெயர் அன்று.

எழுத்துப்பெயர்ப்பில் ஒலியையே பின்பற்ற வேண்டும். ஒலிக்காத ‘பி’யைக் கண்டு ‘லெஃபெப்வ்ரே’ என்று எழுதுவது தவறு; பிரெஞ்சில் இரு விதமாக எழுதினாலும் தமிழில் ‘லெஃபேவ்ர்’ ஒன்றே. ஆனால் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர் பெயரில் ‘ப்’ கட்டாயம் வேண்டும். அவர் தெற்கத்திக்காரர், அங்கே அந்த எழுத்து வாயில் ஒலிக்கும்.