சீரம் காயத்துக்குள்தான், இடுப்பில் அல்ல

"டாக்டர், இடுப்புலயே போட்டுருங்க. புள்ள தாங்கமாட்டா." நாய்க்கடிக்கு ரேபிஸ் சீரம் போடப்போனால் வரும் இந்தக் கெஞ்சலை இந்த வாரமும் கேட்டாயிற்று. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்துச் சிறுமி. இரண்டு விரல்களிலும் புறங்கையிலும் நாயின் பல் நன்றாக இறங்கியிருக்கிறது. கடித்த இடத்தில் காபித்தூள் அப்பியிருந்தார்கள். முதல் நாள் போன கிளினிக்கில் ரேபிஸ் தடுப்பூசியை மட்டும் போட்டு, "இது போதும்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் குன்னூரில் 1907 முதல் இருக்கிறது. அதே மலையில் இருந்துகொண்டு, ஆழமான கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதும் என்று ஒரு மருத்துவமனையே சொல்கிறது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

தடுப்பூசி போட்டதும் உடம்பு தானே ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம், செய்துகொள்ளும், சரி. ஆனால் போதிய அளவில் செய்துமுடிக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காவலுக்கு வெளியிலிருந்து கொண்டுவரும் ஆன்டிபாடிதான் சீரம், அதாவது இம்யூனோகுளோபுலின். இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சண்டை வருவது அடுத்த வரியில்தான்: "எப்படியும் ரத்தத்தில் கலக்கப்போவதுதானே, எங்கே போட்டால் என்ன?"

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் பயணம் செய்வதில்லை. கடித்த இடத்துத் தசையில் கிடக்கும். அங்கே நரம்பு முனை தசையைத் தொடும் இடத்தில், நரம்பின் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் இருக்கின்றன. வைரஸின் மேலெல்லாம் உள்ள ஜி என்ற புரதத்தாலான முட்கள் அந்த ஏற்பிகளில் ஒட்டுகின்றன. (நாகப்பாம்பின் நரம்பு நச்சு போய் ஒட்டுவதும் இதே ஏற்பியில்தான். வைரஸ் முள்ளின் ஒரு துண்டு அந்த நச்சின் அமைப்பை ஒத்திருக்கிறது.) ஒட்டியபின் நரம்புக்குள் ஏறிவிட்டால் ஆன்டிபாடிக்கு எட்டாது. ஆக, வைரஸ் ஏற்பியைத் தொடுவதற்கு முன்பே ஆன்டிபாடி அந்த முள்ளைப் பிடித்தாக வேண்டும்.

பிடிப்பது எப்படி? பாடப்புத்தகத்தில் ஆன்டிபாடியைக் கவட்டை வடிவத்தில், கம்பி மாதிரி விறைப்பாக வரைந்திருப்பார்கள். உண்மையில் அதில் விறைப்பே கிடையாது. இரண்டு கைகளும் தண்டும் சேரும் இடத்தில் கீல் போல ஒரு நெகிழ்ந்த பகுதி இருக்கிறது. கைகள் விரியும், குவியும், திரும்பும். பக்கத்து முள் சற்றுத் தள்ளி இருந்தாலும் கோணத்தை மாற்றிக்கொண்டு எட்டிப் பிடிக்க முடியும். ஈரச் சரிவில் ஏறுகிறவர் ஒரு கையை எடுக்கும்போது மறு கையால் செடியைப் பிடித்திருப்பாரே, அது மாதிரிதான். ஒரு கை நழுவினாலும் மற்றது விடாததால், மொத்தப் பிடி ஒற்றைக் கையின் பிடியைவிடப் பல மடங்கு வலுவானது.

"குதிரைச் சீரமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிதான், ஆனால் இப்போது வருவதில் தண்டுப் பகுதியை நொதியால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கீலும் இரண்டு கைகளும் அப்படியே இருக்கும். ஒவ்வாமை பழைய சீரத்தைவிட வெகுவாகக் குறைவு. இருந்தாலும் ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து ஓடாதீர்கள்.

இத்தனை லாகவமான கைகள் இருந்தும், ஆன்டிபாடிக்கு வைரஸ் கிடக்கும் இடம் தெரியாது. எதிர்ப்பட்டால்தான் பிடிக்கும். 15 கிலோ குழந்தைக்குக் குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட் வீதம் 600 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள மருந்தில் அது 2 மில்லி. இதை விரலில் பல் பட்ட குழிகளைச் சுற்றி இறக்கினால் வைரஸ் கிடக்கும் இடத்திலேயே ஆன்டிபாடி நிறைந்திருக்கும். இடுப்பில் போட்டால் அது மெல்ல ஊறி, ஒரு லிட்டருக்கு மேல் ஓடும் ரத்தத்தில் கரைந்து, விரலுக்கு எவ்வளவு மிஞ்சும்? காயம் நிறைய இருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து எல்லாக் காயத்துக்கும் பகிர்வோம். அளவைக் கூட்டமாட்டோம். கூட்டினால் தடுப்பூசியின் வேலையை அது மந்தமாக்கிவிடும். "எக்ஸ்ட்ரா கொடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவதில் பயனில்லை.

விரலில் போடும்போது வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். அம்மாக்களே, குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய உதவி. தொப்புளைச் சுற்றி ஊசி என்று பாட்டி பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004 இறுதியோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது தடுப்பூசி கையில், சின்னக் குழந்தைக்குத் தொடையில், அவ்வளவுதான்.

கடித்தவுடன் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். எஸ்டேட் மேஸ்திரிகளே, வண்டி தேடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். காபித்தூள், மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குரங்கு கடித்தாலும் இதே கதைதான். தேங்காய்க்காகப் பாய்ந்தது, விளையாட்டுக்குக் கீறியது என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு நாயானால் 10 நாள் கண்காணிக்கலாம், ஆனால் ஊசியை அன்றே தொடங்கிவிட வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசி போடும் இடத்தில் "சீரம் இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் இருக்கும் இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் சீரம் போட்டுவிட வேண்டும். அதற்குள் உடம்பின் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கிவிடும் என்பதால் எட்டாம் நாள் வந்து கேட்டால் போடமாட்டேன்.