மாத்திரை சூடு இல்லைம்மா, நிறுத்தாதீங்க

தேனி மாவட்டக் கம்பம் ஊரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும், கம்பம்மெட்டு மலை ஏறிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்ட வேலைக்கு. அப்படித் தினமும் போய்வந்த ஒரு அம்மாவைப் போன மாதம் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) எடை 37 கிலோ, போன வருஷம் 52. இரண்டு மாதமாக வயிற்றால் போகிறது. கீழே ஒரு மெடிக்கல், மலைக்கு மேலே ஒரு மெடிக்கல் என்று பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். எச்.ஐ.வி. இருப்பது ஆறு வருஷமாகத் தெரியும். "கூட்டு மருந்து சூடு சார், வயித்தக் கெடுக்கும்னாங்க, அதான் நிறுத்திட்டேன்." எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) நிறுத்திப் பத்து மாதம்.

இந்தச் சூட்டுக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பழைய மருந்துகளில் சில, குறிப்பாக லோபினாவிர் சேர்ந்தவை, வயிற்றைக் கலக்கியது உண்மைதான். இப்போது பெரும்பாலோருக்குக் கொடுப்பது டோலுடெக்ராவிர் சேர்ந்த, நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. ஆரம்பத்தில் சிலருக்குக் குமட்டும், கொஞ்சம் இளக்கமாகப் போகும், சில வாரத்தில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் பேதியாகி ஆள் உருகுகிறார் என்றால் அது கிருமியின் வேலை. மருந்தை விட்டதும் வைரஸ் பெருகி, சிடி4 (நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இருநூறுக்கும் நூறுக்கும் கீழே இறங்கும்போது, மற்றவர்களுக்குச் சில வாரத்தில் தானாகப் போய்விடுகிற ஐசோஸ்போரா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் எல்லாம் குடலில் குடியேறிவிடும். சாதாரண மலப் பரிசோதனையில் இவை தப்பிவிடும், தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அதனால்தான் எந்த டாக்டரிடம் போனாலும் எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

இந்த அம்மாவுக்கு ஐசோஸ்போரா. கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையிலேயே கேட்டது. கிரிப்டோஸ்போரிடியமாக இருந்திருந்தால் அப்படி நம்பிக் கொடுக்க மருந்தே இல்லை. கூட்டு மருந்தைத் திரும்ப ஆரம்பித்து, எதிர்ப்பு சக்தி ஏறினால்தான் பேதி நிற்கும். எதைக் குற்றம் சொல்லி நிறுத்தினார்களோ அதேதான் அங்கே வைத்தியம்!

வாயில் வெள்ளைப் படலம், விழுங்கும்போது நெஞ்சில் வலி என்றால் உணவுக்குழாயில் பூஞ்சை இருக்கலாம், அல்சர் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். சாயங்காலக் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் குடல் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ரத்தமாகப் போனாலோ காய்ச்சல் இருந்தாலோ பேதியை அடக்கும் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

ஓடைத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் போதாது, கிரிப்டோஸ்போரிடியம் அதற்குச் சாகாது. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கட்டும். அப்புறம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லை டோலுடெக்ராவிருடன் சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஜெல்லை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதை மெடிக்கலில் யாரும் சொல்வதில்லை.

தோட்டத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் சிகிச்சையைக் கேரளாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்தை நம் ஊரில் நம்பிக்கை மையம் என்கிறோம், அங்கே ஜோதிஸ் என்பார்கள், மருந்து தரும் மையம் உஷஸ். இரண்டு பக்கமும் இலவசம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள்.

அந்த அம்மா நேற்று வந்தார், 41 கிலோ. ஜீப் ஏறலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு மாதம் போகட்டும்மா என்றேன்.