மீட்டரில் உள்ள எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

சென்ற வாரம் திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து ஓர் இளைஞர், 2014ஆம் ஆண்டுப் பதிவுள்ள 350 சிசி ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ஒன்றைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பழைய வண்டியாக அதை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நண்பர்களுடன் வால்பாறைக்குக் கிளம்பியவருக்குக் கயத்தாறு தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. “வெறும் 9,400 கிலோமீட்டர்தான் அண்ணாச்சி ஓடியிருக்கு, அதுக்குள்ள எப்படி நிக்கும்?” என்று என்னிடமே கேட்டார். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த ஆறாவது ஆள் அவர் என்பதால், இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பதே நல்லது என்று தோன்றியது.

அந்த 9,400 என்ற எண்ணைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். பதினொரு ஆண்டு வயதுள்ள வண்டி அது. நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவாகவே கணக்கு வருகிறது. தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போய்வந்தாலே அதற்கு மேல் ஓடியிருக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கென்று ஒருவர் விரும்பி வாங்கிய வண்டி இவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால், ஒன்று மீட்டர் பொய், அல்லது வண்டி ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. இரண்டுமே விலையைக் குறைக்க வேண்டிய காரணங்கள். நம் ஊரில் மட்டும் இவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

மீட்டர் பொய்யாவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. பழைய வண்டிகளில் கேபிள் அறுந்தால் ஓட்டம் பதிவாகாது. புது மீட்டர் மாட்டினால் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும். டிஜிட்டல் மீட்டரில் எண்ணை மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மனிதனின் கையும் காலும் பட்ட இடங்களை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. பிரேக் பெடலின் முனையும் கியர் லீவரின் நுனியும் தேய்ந்து பளபளக்கின்றனவா, கால் வைக்கும் ரப்பரில் வரிகள் மிஞ்சியிருக்கின்றனவா, சாவித் துவாரம் அகன்று சாவி தளர்வாக ஆடுகிறதா, பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டினால் படி தட்டுகிறதா என்று பாருங்கள். 9,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவை தேயா. இவை தேய்ந்திருந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இவை எல்லாம் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றப்பட்டிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

பேட்டைத் தம்பியின் வண்டியில் மீட்டர் உண்மையையே சொன்னது. உரிமையாளர் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போய்விட, வண்டி ஏழெட்டு ஆண்டுகள் வீட்டுத் திண்ணையோரம் நின்றிருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து கடையநல்லூர் வரை இப்படி நிற்கும் வண்டிகள் எத்தனையோ உண்டு. “ஓடவே இல்லை, அப்படியே புதுசு” என்று அவற்றை விற்கிறார்கள். ஓடுகிற எஞ்சின்தான் உள்ளே எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கும். நின்ற எஞ்சினில் எண்ணெய் முழுவதும் கீழே வடிந்துவிட, பிஸ்டன் நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரில் வளையமாகத் துரு பிடிக்கிறது. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நீர் டேங்கின் அடியில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். அரித்த தூள் கார்புரேட்டரின் ஜெட்டுகளை அடைக்கும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், பிரேக் காலிப்பரின் பிஸ்டன் இறுகும். டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேல்வரி) அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் ஓடு போல ஆகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசை நான்கு எண்களில் முடிவதைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். அந்தத் தம்பியின் வண்டியில் இரண்டு டயர்களும் வண்டியோடு பிறந்தவை. அதை அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

அவர் கொடுத்த விலை 98,000 ரூபாய். நான் போட்ட செலவுக் கணக்கு 36,000. அதே மாடல், 62,000 கிலோமீட்டர் ஓடியது, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது உள்ளது, பாளையங்கோட்டையில் 82,000 ரூபாய்க்குக் கிடைத்திருக்கிறது. “ரொம்ப ஓடிருச்சு” என்று அதை ஒதுக்கிவிட்டாராம்.

நம் பகுதிக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி இரு கரையும் மீறியபோது, ஜங்ஷனிலும் வண்ணாரப்பேட்டையிலும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலும் முழுகிய வண்டிகள் எண்ணிலடங்கா. அவற்றில் பல முறையாகப் பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். பல, வெளியே மட்டும் மெருகேறிக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் ஆயிலின் நிறத்தை இப்போது பார்த்துப் பயனில்லை, அதை எப்போதோ மாற்றியிருப்பார்கள். யாரும் கழுவாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும்: ஹெட்லைட் கிண்ணத்தின் உள்ளே, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில், ஹாரனுக்குப் பின்னால், சீட்டுக்கு அடியிலுள்ள வயர் கனெக்டர்களில். அங்கே வண்டல் படிவோ, செம்பில் பூக்கும் பச்சைக் களிம்போ இருந்தால் வண்டி நீச்சல் அடித்திருக்கிறது. உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளிலும் துரு இருக்கும். ஆனால் உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும், வெள்ளம் உள்ளிருந்து தின்னும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, தயவுசெய்து, காலையில் சொல்லாமல் போங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. மெக்கானிக் உடனிருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டினால் பிளக் துவாரத்தில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இரண்டுக்கும் செலவு வேறு என்பதால் இது விலை பேச உதவும்.

பயண வண்டிகளுக்கே உரிய நோய்கள் சில உண்டு. பின்பக்கம் பெட்டிகளைச் சுமந்து சுமந்து, பெட்டி மாட்டும் கம்பிச் சட்டமும் அதைத் தாங்கும் ஃபிரேமும் வெடித்து, வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் பூசப்பட்டிருக்கும். கூடுதல் விளக்குகளுக்காக வயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள். எஞ்சினைச் சற்று முறுக்கிப் பிடித்தபடி பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். கீழே விழுந்த வண்டியை ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் கழுத்து ஸ்டாப்பர் காட்டிக்கொடுக்கும், அது நசுங்கியிருந்தால் ஃபோர்க்கையும் சந்தேகியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல நின்றால் கோன் செட் (ஹேண்டில் கழுத்தின் பேரிங்) போயிற்று. பின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பல்லில் பாதி தெரிந்தால் செயின் செட்டும் கணக்கில் சேரும். இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மேல் கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காவல்கிணறு தாண்டி ஆடிக் காற்றில் எந்த வண்டியும் ஆடும், அதை வைத்து மட்டும் வண்டியைப் பழிக்க வேண்டாம்.

விலையை நான் இப்படிப் போடுகிறேன். அதே மாடலில், குறையில்லாத வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்ட குறைகளைச் சரிசெய்யும் செலவைக் கழியுங்கள். அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை, பிரித்தால்தான் தெரியவரும் குறைகளுக்காக மீண்டும் கழியுங்கள். கிராஷ் கார்டு, மொபைல் ஹோல்டர், லடாக் ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் கூட்டாதீர்கள். யெஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றின் விலை ஆசையின் விலை. ஆசைக்கு வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதில்லை.

காகித விஷயத்தில் யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஃபிரேமிலும் எஞ்சினிலும் உள்ள எண்களை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புளியரை வழியாக வரும் கேரளப் பதிவெண் வண்டி விலை குறைவாகத் தோன்றும். அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்றையும் இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரியையும் மறுபதிவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். விற்கிறவர்களுக்கும் ஒரு சொல்: வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

வாங்குமுன் வண்டியைப் பார்த்துச் சொல்ல நான் 500 ரூபாய் வாங்குகிறேன். பேட்டைத் தம்பி அந்த ஐந்நூறை மிச்சப்படுத்தியவர்தான். பட்டறை காலை எட்டு மணிக்குத் திறக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் கொண்டுவாருங்கள், கொடுத்த மறுநாள் அல்ல. உருட்டிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்.