பூஜ்ஜியம் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஸ்பின் மாதிரிகளில் (மேலோ கீழோ நோக்கும் சிறு காந்தங்களின் தொகுப்புகளில்) புதிதாகக் கணக்கீடு செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "காந்தமாக்கம் பூஜ்ஜியம் என்றே வருகிறது. அப்படியானால் ஒழுங்கு இல்லைதானே?" காந்தமாக்கம் என்பது ஸ்பின்களின் சராசரி; ஒழுங்கு என்பது அவை ஒரே திசையில் அணிவகுப்பது. அவசரப்பட வேண்டாம். அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

குறுக்குப் புலம் கொண்ட ஐசிங் சங்கிலியில் அண்டை ஸ்பின்கள் ஒன்றையொன்று ஒரே திசைக்கு இழுக்கும், குறுக்கே உள்ள காந்தப்புலம் அதைக் கலைக்கும். இங்கே எல்லா ஸ்பின்களையும் ஒருசேரத் திருப்பினாலும் ஆற்றல் மாறாது. இதுதான் இதன் சமச்சீர்மை; ஒரு திசையை மட்டும் தேர்ந்து ஒழுங்கு வந்தால் அது உடைந்தது என்கிறோம். அண்டை ஸ்பின்களின் பிணைப்பும் புலமும் சமமாகும் இடத்தில் நிலைமாற்றம். புலம் அதற்கும் குறைந்தால் ஒழுங்கு. ஆனால் 20 ஸ்பின்களை வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் அங்கேயும் பூஜ்ஜியம்தான் வரும். மேல்நோக்கியதும் கீழ்நோக்கியதும் சம அளவில் கலந்ததுதான் தாழ்நிலை. அடுத்த நிலைக்கான இடைவெளி, சங்கிலி நீள நீள அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கும். ஆக இது அளவு சிறியதால் வந்த பூஜ்ஜியம். காந்தமாக்கத்தின் வர்க்கத்தையோ பைண்டர் விகிதத்தையோ (நான்காம் அடுக்கின் சராசரியை வர்க்கச் சராசரியின் வர்க்கத்தோடு ஒப்பிடும் எண்) பல நீளங்களுக்குப் பார்த்தால் ஒழுங்கு வெளிப்பட்டுவிடும். இதற்கு மருந்து உண்டு, சரி.

கேஜ் மாதிரியில் வரும் பூஜ்ஜியம் வேறு ரகம். 1971இல் வெக்னர் முன்வைத்த ஐசிங் கேஜ் மாதிரியில் மாறிகள் லேட்டிஸின் (கட்டங்களாலான வலையின்) முனைகளில் அல்ல, முனைகளுக்கு இடையிலான இணைப்புகளின் மேல் இருக்கும். ஏதாவது ஒரு முனையைத் தொடும் இணைப்புகளை மட்டும் திருப்பினாலே ஆற்றல் மாறாது. அதாவது முனைக்கு முனை தனித்தனிச் சமச்சீர்மை; இதைத்தான் கேஜ் சமச்சீர்மை என்கிறோம். இப்படிப்பட்ட சமச்சீர்மை தானாக உடையவே உடையாது என்று 1975இல் எலிட்சர் நிறுவினார். சில இணைப்புகளைத் திருப்ப எல்லையற்ற தடை எதுவும் எழாது, அதுதான் காரணம். லேட்டிஸை எவ்வளவு பெரிதாக்கினாலும் தனி இணைப்பின் சராசரி பூஜ்ஜியமே.

ஆனாலும் மூன்று பரிமாணத்தில் நிலைமாற்றம் உண்டு! அதைப் பிடிக்க மூடிய வளையத்தில் உள்ள இணைப்பு மாறிகளின் பெருக்கலின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் அது வளையத்தின் பரப்பளவுக்கேற்பத் தேயும், மற்றதில் சுற்றளவுக்கேற்ப. கேஜை நிலைநிறுத்திவிட்டு (முனைதோறும் திருப்பும் சுதந்திரத்தை ஒரு விதியால் முடக்கிவிட்டு) இணைப்பின் சராசரி எடுத்து, "இதோ, சமச்சீர்மை உடைந்துவிட்டது" என்று சொல்பவர்களும் உண்டு. எந்தக் கேஜை எடுத்தோம் என்பதைப் பொறுத்து அந்த 'மாற்றம்' இடம் மாறலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வளையமும் எல்லா இடத்திலும் உதவாது. இயங்கும் பருப்பொருள் புலம் சேர்ந்தால் எங்கும் சுற்றளவு விதியே வந்துவிடலாம். ஹிக்ஸ் பகுதியிலிருந்து (பருப்பொருள் புலம் கேஜ் புலத்தோடு வலுவாகப் பிணைந்த பகுதி) சிறைப்பட்ட பகுதிக்கு (மின்னூட்டங்கள் தனித்துப் பிரிய முடியாத பகுதி) நிலைமாற்றமே இல்லாமல் போகக்கூடிய மாதிரிகள் உண்டு என்று 1979இல் பிராட்கினும் ஷென்கரும் காட்டினார்கள். அங்கே வளையத்தின் நடத்தையை மட்டும் வைத்து எல்லைக்கோடு வரையாதீர்கள்.

குவாண்டம் கணினியில் இறங்குபவர்களுக்கு இன்னொன்று. 2016இல் இன்ஸ்ப்ரூக் குழு நான்கு அயனிகளில் ஷ்விங்கர் மாதிரியை (ஒரே ஒரு இடப் பரிமாணத்தில் மின்னூட்டத் துகள்களும் மின்புலமும் கொண்ட கேஜ் மாதிரி) ஓட்டியபோது, கேஜ் புலத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஒரு முனையில் புலம் மாறும் அளவு அங்குள்ள மின்னூட்டத்துக்குச் சமம் என்ற காஸ் விதி அங்கே மீறப்பட வழியே இல்லை. புலத்தையும் கியூபிட்டில் ஏற்றினால் இரைச்சல் அந்த விதியை முனைக்கு முனை உடைக்கும். அப்போது வரும் வளைய மதிப்பு எந்த மாதிரியுடையது என்றே சொல்ல முடியாது. அதனால் காஸ் விதி மீறலின் அளவையும் அதே வரைபடத்தில் சேர்த்துப் போடுங்கள்.