கண்ணுக்குத் தெரியாத வயல்

பழுதான ரேடியோவைப் பிரித்தால் ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அதைத் தட்டிக் கழற்றி, நூலில் கட்டி, ஆற்று மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளின் கோடை விடுமுறை. பத்தடி போவதற்குள் காந்தம் முழுக்கக் கருந்தூள் அப்பி, சிலிர்த்துக்கொண்ட கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். நாங்கள் ‘இரும்புத்தூள்’ என்று சொன்னது மணலோடு கலந்து கிடக்கும் மேக்னடைட் என்ற இரும்புத்தாது. அதை நோட்டுத்தாளில் கொட்டி, தாளுக்குக் கீழே காந்தத்தை நகர்த்தினால் தூள் எழுந்து நிற்கும், சாயும், வரிசை கட்டி நடக்கும். காந்தம் தூளைத் தொடவே இல்லை. பிறகு எது தொட்டது?

இந்தக் கேள்வி நியூட்டனையே உறுத்தியிருக்கிறது. சூரியன் பூமியை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். ஆனால் இடையில் எதுவுமே இல்லாமல் வெறும் வெளியைத் தாண்டி ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கிறது என்பதை, யோசிக்கத் தெரிந்த எவரும் ஏற்க மாட்டார்கள் என்று 1693இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். கணக்கு சரியாக வந்தது, காரணம் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு, கணக்கு வருகிறதே, அது போதும் என்று பலரும் விட்டுவிட்டார்கள்.

விடாமல் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன்; புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர்; உயர்கணிதம் தெரியாதவர். அது தெரியாததே நல்லதாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றும். சூத்திரம் தெரிந்தவர்கள் இரண்டு காந்தங்களையும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் பார்த்தார்கள். ஃபாரடே நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். மெழுகு பூசிய தாளில் இரும்புத்தூளைத் தூவி, அது வளைந்து வளைந்து போடும் கோலத்தைக் கலையாமல் பதித்து வைத்தார். காந்தம் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே மாற்றுகிறது, தூள் அந்த மாறிய வெளிக்குக் கட்டுப்படுகிறது என்பது அவருடைய முடிவு. 1845இல் தன் ஆய்வுக் குறிப்பேட்டில் இதற்கு ‘ஃபீல்டு’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினார்; தமிழில் ‘புலம்’ என்கிறோம். வயலுக்கு வழங்கும் சொல் அது.

தமிழிலும் இது வயலாகவே அமைந்துவிட்டது. சங்கப் பாடல்களில் மென்புலம் என்றால் நீர்வளமுள்ள நிலம், வன்புலம் என்றால் வறண்ட மேட்டுநிலம். குறளின் ‘தென்புலத்தார்’ திசையைச் சொல்கிறது, ஐம்புலன் உணர்வைச் சொல்கிறது. நிலம், திசை, உணர்வது மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இயற்பியல் கேட்பதும் ஏறக்குறைய இந்த மூன்றையும்தான்: ஒவ்வோர் இடத்திலும், எந்தத் திசையில், எவ்வளவு விசையை உணர்வாய்?

ஐப்பசி, கார்த்திகையில் தொலைக்காட்சியில் வரும் வங்கக்கடல் வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் முழுக்கச் சின்னச் சின்ன அம்புகள், இந்த இடத்தில் காற்று இந்தப் பக்கம், இவ்வளவு வேகம் என்று. அதுவும் ஒரு புலம்தான். காற்றுக்குப் பதிலாக விசையைப் போட்டால் விசைப்புலம். ஓர் அம்புக்கும் அடுத்த அம்புக்கும் நடுவில் காற்று இல்லாமலா போகும்? படத்தில்தான் இடைவெளி. இரும்புத்தூள் காட்டும் கோடுகளும் அப்படியே. ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகி, ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொள்வதால் கோடு விழுகிறது. கோட்டுக்கு இடையில் தூள் இல்லாத இடத்திலும் புலம் நிறைந்துதான் இருக்கிறது.

இதெல்லாம் வசதிக்காகச் செய்த கற்பனை என்று ஒதுக்க முடியாதா? முடியாமல் செய்தவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஃபாரடேயின் கோடுகளை அவர் கணிதமாக்கிக் காட்டியபோது, இந்த விஷயத்தின்மேல் இத்தனை கணிதம் இறங்குவதைப் பார்த்து முதலில் பயந்தே போனதாக ஃபாரடே 1857இல் அவருக்கு எழுதினார். 1865இல் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு அலையாய் ஓடும் என்றன. அந்த அலையின் வேகம் ஒளியின் வேகமாக இருந்தது. 1888க்குள் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் அந்த அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டிவிட்டார். சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. சூரியனை விட்டுக் கிளம்பிவிட்டது, நம் முதுகில் இன்னும் விழவில்லை. அந்த எட்டு நிமிடமும் அந்தச் சூடு எங்கே இருந்தது? புலத்தில் இருந்தது. ஆற்றலைச் சுமக்கிற ஒன்றைக் கற்பனை என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் கதைசொல்லிகள் வந்து சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். கருத்தை விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் விண்வெளிக் கதைகளில் விசைப்புலம் என்றால் கண்ணாடிக் குமிழி மாதிரி ஒரு சுவர். கப்பலைச் சுற்றி நிற்கும், எதிரியின் கதிர் பட்டால் நீலமாக மினுக்கும், தோட்டா பட்டால் தெறித்து ஓடும். ஆசை பழையதுதான். கர்ணனுக்குக் கவசம், சீதைக்கு லட்சுமணன் கிழித்த கோடு. (அந்தக் கோடு வான்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனின் இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். கோடு இருந்திருந்தாலும் அவனை ஒன்றும் செய்திருக்காது.)

புலத்துக்கு விளிம்பு கிடையாது. தூரம் போகப் போக மெலியும், அவ்வளவுதான். ஒன்றை உள்ளே விட்டு ஒன்றைத் தள்ளும் சுவராக அது நிற்காததற்குக் காரணம் உண்டு. இயற்கையில் நமக்குத் தெரிந்த விசைகள் நான்கு. ஈர்ப்பு இழுக்க மட்டும் செய்யும், தள்ளாது. இரண்டு அணுக்கரு விசைகள் அணுக்கருவின் அளவைத் தாண்டி வருவதில்லை. மிச்சம் மின்காந்தம். அதற்குத் தள்ளத் தெரியும், தூரமும் போகும். ஆனால் அது மின்னூட்டத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். தோட்டாவில் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிக்குச் சரி. மின்புலத்தின் பார்வையில் தோட்டா ஒரு பூஜ்யம்.

வலுக்கட்டாயமாகத் தள்ளவும் செய்யலாம். 1997இல் நெதர்லாந்தின் நைமெகன் நகரில் இயற்பியலாளர் ஆண்ட்ரே கைமும் கூட்டாளிகளும் உயிருள்ள ஒரு தவளையைக் காந்தப்புலத்தில் அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். தண்ணீரைக் காந்தம் மிக மிக மெலிதாக விலக்கும். தவளையில் பெரும்பகுதி தண்ணீர். அதற்குத் தேவைப்பட்ட புலம் 16 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு அது). நம் காலடியில் பூமி தரும் புலத்தைப்போல் சுமார் 4 லட்சம் மடங்கு. ஒரு சின்னத் தவளைக்கே இவ்வளவு.

அப்படியானால் பூமியின் அந்தச் சோப்ளாங்கிப் புலம் சூரியனிடமிருந்து நம்மைக் காக்கிறது என்கிறார்களே? காக்கிறது, ஆனால் தடுத்து அல்ல. சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. சூரியக் காற்று என்று பெயரே தவிர மகா நீர்த்த சரக்கு. ஒரு கன சென்டிமீட்டரில் ஏழெட்டுத் துகள் இருந்தால் அதிகம். அவை மின்னூட்டம் உள்ளவை. ஓடும் மின்துகளைக் காந்தப்புலம் முன்னாலிருந்து தள்ளாது, பின்னாலிருந்து இழுக்காது, பக்கவாட்டில் திருப்பும். செக்குமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடி அதை நிறுத்துவதில்லை, நேராகப் போகவிடுவதுமில்லை. அது சுற்றிச் சுற்றி வருகிறது. மின்துகளும் காந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போகிறது. சூரியன் இருக்கும் பக்கம் சுமார் 65,000 கிலோமீட்டரில் இந்தச் சண்டை நடக்கிறது. மறுபக்கம் பூமியின் காந்தப்புலம் நிலாவின் பாதையையும் தாண்டி வாலாக நீள்கிறது. வெயிலுக்கு மின்னூட்டம் இல்லை, அது தாராளமாக உள்ளே வருகிறது. விண்கல்லும் வரும், அதை எரிப்பது காற்று. கர்ணனுக்குக் கவசம் தந்தவன் சூரியன், நமக்குக் கவசம் தேவைப்படுவதே சூரியனால்.

காந்தப்புலம் போனால் பூமியின் காற்றெல்லாம் பறந்துவிடும் என்று மேடையில் பேசுவோரை நான் அப்படியே நம்புவதில்லை. வெள்ளிக் கோளுக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. ஆனால் அங்கே தரையில் காற்றழுத்தம் நம்மைப்போல் 90 மடங்கு.

இந்தக் கவசம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இல்லை. காந்த ஊசியை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டால், லண்டனில் அது தரையை நோக்கி 66 டிகிரி குனியும். தென்தமிழ்நாட்டில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். ஊசி சரியாகக் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதுதான் காரணம். அதற்காகவே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. இங்கே புலம் கிடைமட்டமாக இருப்பதால் பகல் வேளைகளில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், தலைக்கு மேலே, கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. துருவங்களில் கதை வேறு. கோடுகள் நேரே தரைக்குள் இறங்குகின்றன, துகள்களும் அவற்றின் வழியே இறங்கி வானத்தில் துருவ ஒளியாகின்றன. 2024 மே மாதம் வந்த பெரிய சூரியப் புயலில் அந்தச் செவ்வொளி லடாக்கின் ஹான்லே வரை தெரிந்தது.

உண்மையான தடுப்புச் சுவர் வேண்டுமானால் மேசையில் கையை வையுங்கள். அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்கிறார்கள். ஆனாலும் கை உள்ளே இறங்குவதில்லை. கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதோடு, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925இல் இயற்பியலாளர் பவுலி கண்ட விதியும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இந்தத் தடுப்பின் கனம் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் சில பங்குதான். கொஞ்சம் விலகினால் நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

கதைகளில் வரும் கவசத்துக்கு மிக அருகில் போன ஒரு கருவி மட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏடி ஹெர்ஷ்கோவிச் 1995இல் உருவாக்கிய பிளாஸ்மா ஜன்னல். (பிளாஸ்மா என்பது கடும் சூட்டில் மின்துகள்களாகப் பிரிந்த வாயு.) எலக்ட்ரான் கற்றையால் உலோகத்தை வெல்டிங் செய்ய வெற்றிடம் வேண்டும். அதற்காகப் பொருளையே வெற்றிடப் பெட்டிக்குள் அடைப்பது பெரிய தொல்லை. அவர் சிறு துளையில் மின்வில்லை, அதாவது விடாமல் எரியும் மின்பொறியை, எழுப்பி, அங்குள்ள வாயுவைப் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினார். அவ்வளவு சூட்டில் வாயு நீர்த்துப்போகிறது, அதே சமயம் பாகு மாதிரி பிசுபிசுத்து ஓட மறுக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் வெற்றிடம், நடுவில் ஒளிரும் ஒரு மூடி. எலக்ட்ரான் கற்றை அதன் வழியே போகும், ஒளி போகும், காற்று போகாது. துளையின் அகலம் சில மில்லிமீட்டர். தோட்டாவை விட்டால் தாராளமாகப் போகும்.